புரோப்பேன் வீட்டுக்குக் குடிபோகிறீர்களா? முதல் சுடரைப் பற்றவைக்கும் முன்

அடுப்பும் ஹீட்டரும் புரோப்பேன் கேஸில் ஓடும், டேங்க் வைத்த வீட்டுக்குக் குடிபோன முதல் வருடத்தில் நான் இரண்டு முறை அசடு வழிந்தேன். முதல் முறை, லாரி வந்து நிரப்பிவிட்டுப் போனதும் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். அளவு காட்டும் முள் 80 சதவீதத்தில் நின்றது. மீதி இருபது எங்கே என்று போன் போட்டுச் சண்டை பிடித்தேன். எதிர்முனையில் இருந்தவர் சிரிக்காமல் விளக்கினார், அது அவருடைய பெருந்தன்மை. இரண்டாவது முறை, முள் 8-க்கு வந்த பிறகும் "இன்னும் இருக்கிறதே" என்று சும்மா இருந்தேன். மறுநாள் ராத்திரி, நல்ல குளிரில், ஹீட்டர் அணைந்துபோனது. அவசர டெலிவரிக்கு ஒரு கட்டணம், கேஸ் தீர்ந்த லைனைச் சோதிக்க இன்னொரு கட்டணம், ஆள் வரும்வரை கம்பளிக்குள் காத்திருப்பு.

இரண்டுமே, முன்பே யாராவது பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நடந்திருக்காது. அதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப் போகிறேன். விதிமுறைகள் ஊருக்கு ஊர் மாறும். டேங்குக்கும் சுவருக்கும் எத்தனை மீட்டர், சிலிண்டரை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை சோதிப்பது போன்றவற்றை உங்கள் ஊர்த் தீயணைப்புத் துறையிடமோ கேஸ் கம்பெனியிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். வாயுவின் குணம் மட்டும் எங்கும் ஒன்றுதான்.

1. எதனோடு குடித்தனம் நடத்தப் போகிறீர்கள்?

நான்கு விஷயம் தெரிந்தால் போதும்.

புரோப்பேன் டேங்குக்குள் திரவமாக இருக்கிறது, அழுத்தத்தில். வெளியே வந்தால் வாயு. ஒரு லிட்டர் திரவம் சுமார் 270 லிட்டர் வாயுவாக விரியும். அதனால்தான் "கொஞ்சம்தான் கசிகிறது" என்ற பேச்சே இதில் கிடையாது.

இது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடும். நிலவறை, சாக்கடைக் குழி, மாடிப்படிக்குக் கீழே உள்ள மூலை, இவையெல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். குழாயில் வரும் இயற்கை எரிவாயு இதற்கு நேரெதிர்: அது காற்றைவிட லேசு, மேலே போய்விடும். அந்த வீட்டுப் பழக்கத்தை இந்த வீட்டுக்கு அப்படியே கொண்டுவராதீர்கள்.

காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். ஒன்பதரை சதவீதத்தைத் தாண்டினால் பிடிக்காது. ஆனால் அதை நம்பி ஜன்னலைத் திறக்காமல் இருப்பவர் யாரும் இல்லையே. திறந்ததும் கலவை மெல்ல இறங்கி ஆபத்தான அளவுக்குள் வந்துவிடும்.

கடைசியாக வாசனை. புரோப்பேனுக்கு இயல்பில் வாசனையே இல்லை. நம் மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். தீப்பிடிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு கசிந்தாலே மூக்கில் ஏற வேண்டும் என்பது கணக்கு. ஆனால் புது டேங்கின் உட்சுவரும், உள்ளே பிடித்த துருவும் இந்த நாற்றத்தைக் குடித்துவிடும். சளி பிடித்த மூக்கும் வயதான மூக்கும் கைவிடும். தூங்குகிறவருக்கு எந்த நாற்றமும் தெரியாது. ஆகவே மூக்கை மட்டும் நம்பாமல் ஒரு கசிவு அலாரம் வாங்கி வையுங்கள். அதைத் தரையை ஒட்டி, ஒரு சாணுக்கு மேல் உயரம் போகாமல் மாட்ட வேண்டும். கூரையில் மாட்டினால் அலங்காரத்துக்குத்தான் ஆகும்.

2. டேங்க் யாருடையது? காகிதத்தைக் கேளுங்கள்

வீட்டை வாங்குகிறவர்கள், வாடகைக்கு எடுக்கிறவர்கள் எல்லோரும் கோட்டைவிடும் இடம் இதுதான். கொல்லையில் ஒரு வெள்ளை டேங்க் நிற்கிறது, நாம் வீட்டோடு வந்த சொத்து என்று நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் அது கேஸ் கம்பெனியின் சொத்து. வீட்டுக்காரர் குத்தகைக்கு எடுத்திருப்பார்.

வித்தியாசம் என்ன என்றால், குத்தகை டேங்கில் அந்தக் கம்பெனிதான் கேஸ் நிரப்பலாம். பக்கத்துக் கம்பெனி பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்க முடியாது. பராமரிப்பும் பழுதும் அவர்கள் தலையில். சொந்த டேங்க் என்றால் யாரிடமும் விலை பேசலாம். ஆனால் வால்வு கெட்டால், பெயின்ட் உரிந்து துரு ஏறினால், செலவு உங்கள் தலையில். எது மேல் என்று என்னைக் கேட்டால், வருடத்துக்கு ஒருமுறைகூட நிரப்பாத சிறு உபயோகத்துக்குக் குத்தகை தேவலை. வீடு முழுக்கக் கேஸில் சூடாக்குகிறவர், அதே வீட்டில் பல வருடம் இருக்கப் போகிறவர் என்றால் சொந்த டேங்க்.

சாவி வாங்கும் முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்:

குத்தகை ஒப்பந்தம் அல்லது டேங்க் வாங்கிய ரசீது. இரண்டும் இல்லை என்று வீட்டுக்காரர் சொன்னால், டேங்கில் ஒட்டியிருக்கும் கம்பெனிக்கு நீங்களே போன் செய்து எழுத்தில் வாங்குங்கள்.

டேங்கின் தகவல் தகட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உலோகத் தகடு, பெரும்பாலும் மூடிக்குப் பக்கத்தில் இருக்கும். தயாரித்த ஆண்டு, வரிசை எண், கொள்ளளவு, தாங்கும் அழுத்தம் எல்லாம் அதில் பொறித்திருக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்து எழுத்து மறைந்திருந்தால் நிரப்ப வருகிறவர் மறுத்துவிட்டுப் போகலாம்.

கடைசியாகச் செய்த கசிவுச் சோதனையின் அறிக்கை, தேதியோடு. இது பழையதாக இருந்தால், அல்லது கணக்கில் பெயர் மாறினால், கம்பெனி புதிதாக ஒரு சோதனை செய்த பிறகே கேஸ் ஊற்றும். அந்தச் சோதனைக்கு நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். ஆகவே குடிபோகும் நாளன்று வெந்நீர் வேண்டும் என்றால் இரண்டு மூன்று வாரம் முன்பே நாள் குறியுங்கள். குளிர்காலம் தொடங்கும் நேரம் என்றால் இன்னும் முன்பே.

பூமிக்கடியில் குழாயோ டேங்கோ இருந்தால் அது ஓடும் பாதையின் வரைபடம். செடி நடக் குழி தோண்டும்போது இதன் அருமை தெரியும்.

அப்புறம், வீட்டுக் காப்பீடு. டேங்க் இருப்பதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் விட்டதை அவர்கள் நினைவுகூரும் நாள் நல்ல நாளாக இருக்காது.

ஒப்பந்தத்தில் எதைப் படிப்பது? கேஸ் விலையைத்தான் எல்லோரும் பெரிதாக அச்சடித்துக் காட்டுவார்கள். நீங்கள் சின்ன எழுத்துகளைப் படியுங்கள்: வருடத்துக்கு இவ்வளவு வாங்கியே ஆக வேண்டும் என்ற குறைந்தபட்ச அளவு உண்டா, டேங்க் வாடகை தனியா, ஒவ்வொரு டெலிவரிக்கும் கட்டணமா, அவசர அழைப்புக்கு எவ்வளவு, நடுவில் விலகினால் எவ்வளவு, விலகும்போது டேங்கைத் தூக்கிப் போக எவ்வளவு, டேங்கில் மிஞ்சிய கேஸுக்குப் பணம் திருப்பித் தருவார்களா. முதல் வருடம் மட்டும் மலிவு விலை கொடுத்து இரண்டாம் வருடம் ஏற்றுவதும் நடக்கும். "இரண்டாம் வருட விலையை எப்படி நிர்ணயிப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

3. அடுப்பும் ஹீட்டரும் புரோப்பேனுக்கு ஏற்றவையா?

பழைய வீட்டில் இருந்து கொண்டுவந்த கேஸ் அடுப்பை இங்கே அப்படியே மாட்டக் கூடாது. ஒரே அளவு வாயுவில் புரோப்பேன் இயற்கை எரிவாயுவைப் போல் இரண்டரை மடங்கு வெப்பம் தரும். அதனால் பர்னருக்கு அடியில் உள்ள ஜெட்டின் துளை இதற்கு மிகச் சிறியதாக இருக்க வேண்டும். இயற்கை எரிவாயு ஜெட்டில் புரோப்பேனை விட்டால் சுடர் மஞ்சளாக, முழ நீளத்துக்கு எழும்பும். பாத்திரம் கரியாகும், அறையில் விஷப் புகை சேரும்.

பெரும்பாலான அடுப்புகளுக்கு மாற்று ஜெட் செட் கிடைக்கும். தயாரிப்பாளர் கொடுக்கும் செட்டையே வாங்கி, உரிமம் உள்ளவரை வைத்து மாற்றுங்கள். மாற்றியதும் அடுப்பின் பின்புறம் எந்த வாயுவுக்கு, எந்தத் தேதியில் மாற்றியது என்று ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். பிறகு பழுது பார்க்க வருகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.

ரெகுலேட்டரும் அப்படியே. பியூட்டேன் சிலிண்டருக்கானது வேறு, புரோப்பேனுக்கானது வேறு. வெளிவரும் அழுத்தம் மாறும். ரெகுலேட்டரின் மேல் மில்லிபார் என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். அடுப்பின் தகட்டிலும் ஓர் எண் இருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

4. சிலிண்டரை எங்கே, எப்படி வைப்பது?

வெளியே. நிமிர்த்தி. சமதரையில். ஆடாமல் கட்டி. இந்த நான்கு சொல்லில் எல்லாம் அடக்கம். ஆனால் ஏன் என்று தெரிந்தால்தான் மறக்காது.

நிமிர்த்தி வைப்பது எதற்கு என்றால், சிலிண்டரின் மேல்பகுதியில் வாயு, கீழே திரவம். படுக்க வைத்தால் திரவமே குழாய்க்குள் இறங்கும்; பர்னரில் இருந்து தீப்பந்து கிளம்பும். அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து வாயுவை வெளியேற்றும் அழுத்த நிவாரண வால்வு மேலே இருக்கிறது; அதுவும் வாயுப் பகுதியில் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். டெலிவரிக்காரர் உருட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்தால், நிமிர்த்திச் சற்று நேரம் விட்டு அப்புறம் இணையுங்கள்.

ஜன்னல், ஏசி காற்று இழுக்கும் வாய், நிலவறைக் கதவு, சாக்கடை மூடி, மின் மோட்டார் ஆகியவற்றில் இருந்து தள்ளி வையுங்கள். மழை படக்கூடாதே என்று நாலு பக்கமும் அடைத்த அலமாரி செய்துவிடாதீர்கள். அலமாரி என்றால் தரையை ஒட்டிக் காற்றோட்டம் கட்டாயம். காலி சிலிண்டரும் அதே மரியாதைக்கு உரியதுதான். அதில் வாயு மிச்சம் இருக்கும், வால்வை மூடியே வையுங்கள். திறந்துபோட்டால் ஈரக்காற்று உள்ளே புகுந்து துரு பிடிக்கும். துரு என்ன செய்யும் என்று மேலே சொன்னேன்.

காரில் கொண்டுபோவதாக இருந்தால் நிமிர்த்திக் கட்டி, வால்வை மூடி, அதன் வாயில் அடைப்பு மூடியையும் திருகி, ஜன்னலைத் திறந்துவைத்து நேராக வீட்டுக்குப் போங்கள். வழியில் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வெயிலில் காரைப் பூட்டிவிட்டுப் போகும் வேலை வேண்டாம்.

5. இணைப்பது, கசிவு பார்ப்பது

டேங்க் என்றால் இதைக் கம்பெனி ஆள் செய்வார், பக்கத்தில் நின்று பாருங்கள். சிலிண்டர் என்றால் நீங்கள்தான்.

பல புரோப்பேன் சிலிண்டர்களில் மரை தலைகீழ். அதாவது இடதுபக்கம் திருகினால் இறுகும். நான் முதல் நாள் வலப்பக்கமாகத் திருகித் திருகி, "இது ஏன் கழன்றுகொண்டே வருகிறது?" என்று ஸ்பேனரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். எரியக்கூடிய வாயுவுக்கான இணைப்பு வேறு வாயுவின் இணைப்போடு தவறுதலாகச் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. நட்டின் ஓரத்தில் சின்ன வெட்டுகள் இருந்தால் அது இடதுமரை என்பதற்கு அடையாளம்.

இன்னொரு தவறு, குழாய் வேலைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பை இங்கேயும் சுற்றுவது. சிலிண்டர் வாயில் கசிவைத் தடுப்பது மரை அல்ல. உலோக முனை உலோகத்தில் பதிவதாலோ ரப்பர் வாஷராலோதான் அடைபடுகிறது. டேப் சுற்றினால் முனை சரியாகப் பதியாமல் போகும். வாஷர் உள்ள வகை என்றால் அது வெடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பாருங்கள்.

இப்போது சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், தண்ணீர் கொஞ்சம், ஒரு பழைய பெயின்ட் பிரஷ். அடுப்பின் எல்லாக் குமிழ்களையும் மூடிவிட்டு, சிலிண்டர் வால்வை மெல்லத் திறங்கள். இணைப்பு, ரெகுலேட்டரின் இரு முனைகள், ரப்பர் குழாய் முழு நீளம், அடுப்புக்குள் நுழையும் இடம் எல்லாவற்றிலும் பிரஷால் தாராளமாகத் தடவுங்கள். ஒரு நிமிடம் கண்ணெடுக்காமல் பாருங்கள். பெரிய கசிவில் நுரை பொங்கும், அது யாருக்கும் தெரியும். சின்னக் கசிவில் ஒரே இடத்தில் கடுகளவு குமிழ் ஒன்று தோன்றி, மெல்லப் பெரிதாகி, உடைந்து, அதே இடத்தில் மறுபடி தோன்றும். தேட வேண்டியது அதை. குமிழ் வந்தால் வால்வை மூடி, இறுக்கி, மறுபடி தடவுங்கள். அப்பவும் வந்தால் அந்த உதிரிப் பாகத்தை மாற்றுங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் ஆசாமிகள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் யோசனை கேட்க வேண்டாம்.

வால்வை "மெல்ல" திறக்கச் சொன்னதில் காரணம் இருக்கிறது. குழாய் அறுந்தால் கேஸ் கொட்டாமல் இருக்க, பல இணைப்புகளில் ஒரு தடுப்பு வைத்திருப்பார்கள். நீங்கள் சட்டென்று திறந்தால் குழாய்தான் அறுந்துவிட்டது என்று அது நினைத்துப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் பர்னரில் சுடர் பரிதாபமாக, விளக்குத் திரிபோல எரியும். நானே அடுப்பு கெட்டுவிட்டது என்று ஆளைக் கூப்பிட்டு, அவர் வந்து வால்வை மூடி, இரண்டு நிமிடம் காத்து, மெல்லத் திறந்துகாட்டிவிட்டு, வந்த கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

6. முள்ளைப் படிப்பதும் ஆர்டர் செய்வதும்

இனி அந்த 80 விவகாரம். திரவப் புரோப்பேன் சூட்டில் நன்றாக விரியும். 15 டிகிரியில் இருந்து 50 டிகிரிக்குப் போனால் அதன் பருமன் எட்டில் ஒரு பங்குக்குக் குறையாமல் கூடும். டேங்கை விளிம்புவரை நிரப்பிவிட்டால் அந்த விரிவுக்கு இடம் இருக்காது. அதனால் 80 சதவீதம்தான் "முழு டேங்க்". அதற்கு மேல் ஊற்றச் சொல்லிக் கெஞ்சினாலும் நல்ல கம்பெனி ஊற்றாது. மத்தியான வெயிலில் முள் இரண்டு மூன்று புள்ளி ஏறிக் காட்டினால் யாரும் இலவசமாக ஊற்றிவிட்டுப் போகவில்லை, விரிந்திருக்கிறது.

சிலிண்டருக்கும் இதே கணக்கு, எடையில். கழுத்து வளையத்தில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும்: காலி எடை ஒன்று, தண்ணீர் பிடிக்கும் எடை இன்னொன்று. தண்ணீர் எடையில் சுமார் 42 சதவீதம்தான் புரோப்பேன் நிரப்பலாம். 21.6 கிலோ தண்ணீர் பிடிக்கும் சிலிண்டர் என்றால் கேஸ் 9 கிலோ. காலி எடையோடு அதைக் கூட்டித் தராசில் வைத்துப் பார்த்தால் சரியாக நிரப்பினார்களா என்று தெரிந்துவிடும். தராசு இல்லாதபோது, சிலிண்டரின் பக்கவாட்டில் ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிவிட்டுக் கையால் மேலிருந்து கீழே தடவுங்கள். எங்கே சட்டென்று சில்லிடுகிறதோ அதுவரை திரவம் இருக்கிறது.

டெலிவரிச் சீட்டையும் முள்ளோடு ஒப்பிடுங்கள். 1000 லிட்டர் டேங்கில் முள் 30-இல் இருந்து 80-க்கு வந்தால் 500 லிட்டர் ஊற்றியிருக்க வேண்டும். முள் துல்லியமான கருவி அல்ல, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் சீட்டில் 600 என்று இருந்தால் போன் செய்யுங்கள். லாரி வரும் முன்பும் போன பிறகும் முள்ளைப் போட்டோ எடுத்து வைத்தால் பேச்சுக்கு இடமில்லை.

ஆர்டர் எப்போது? முள் 30-க்கு வந்தால். ஏன் அவ்வளவு சீக்கிரம் என்றால் கணக்கு இதோ. 20 கிலோவாட் ஹீட்டர் இடைவிடாமல் ஓடினால் மணிக்கு மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் குடிக்கும், ஒரு நாளைக்கு எழுபது லிட்டர் போல. 1000 லிட்டர் டேங்கில் 30 என்றால் நான்கு நாள். நான் சும்மா உட்கார்ந்திருந்த அந்த 8, ஒரு நாள் சொச்சம்தான். கடும் குளிரில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், பாதையும் பனி மூடிக் கிடக்கும். போதாக்குறைக்கு, திரவம் குறைவாக இருந்தால் அது ஆவியாகும் வேகமும் குறையும். தேவை கூடும் நேரத்தில் சுடர் தளரும்.

தானியங்கி டெலிவரி என்று ஒன்று உண்டு: வெப்பநிலையையும் உங்கள் பழைய உபயோகத்தையும் வைத்து அவர்களே கணக்குப் போட்டு வருவார்கள். லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் முதல் வருடம் அதையே எடுங்கள். அப்படி எடுத்தாலும் வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து முள்ளைப் பாருங்கள். புதிதாக ஓர் ஹீட்டர் மாட்டினீர்கள் என்பது அவர்கள் கணக்குக்குத் தெரியாது. மூடியை மெல்லத் திறங்கள். குளவிகளுக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும்.

கேஸ் முற்றிலும் தீர்ந்துபோனால் நிரப்பியதோடு முடியாது. பர்னரைப் பற்றவைக்க எப்போதும் எரியும் சின்னப் பைலட் சுடர்கள் அணைந்திருக்கும், லைனில் காற்று புகுந்திருக்கலாம், எங்காவது ஒரு குமிழ் திறந்தே இருக்கலாம். அதனால்தான் கசிவுச் சோதனை செய்து, ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நீங்களாக அவசரப்பட்டுப் பற்றவைக்க வேண்டாம்.

7. செலவைக் கணக்கிடுவது

ஒரு கம்பெனி லிட்டருக்கு விலை சொல்லும், ஒன்று கிலோவுக்கு, ஒன்று கேலனுக்கு. முதலில் எல்லாவற்றையும் லிட்டருக்கு மாற்றுங்கள். ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 2 லிட்டர். கேலன் என்றால் எந்தக் கேலன் என்று கேளுங்கள்: அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர்.

மின்சாரத்தோடு ஒப்பிட இந்த ஓர் எண் போதும்: ஒரு லிட்டர் புரோப்பேன் சுமார் 7 யூனிட். லிட்டர் விலையை 7-ஆல் வகுத்து, ஹீட்டரின் திறனுக்காக மறுபடி 0.8-ஆல் வகுத்தால் உங்களுக்கு வந்துசேரும் வெப்பத்தின் யூனிட் விலை. உதாரணத்துக்கு, 100 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி உயர்த்த சுமார் 4 யூனிட் வெப்பம் வேண்டும். அதற்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கேஸ் செலவாகும். பெரிய பர்னரை ஒரு மணிநேரம் முழுச் சுடரில் எரித்தால் அரை லிட்டருக்கும் கீழே. சமையலில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வீண். பில் ஏறுவது அறையைச் சூடாக்குவதில்தான்.

கோடையில் விலை தணிந்திருக்கும் ஊர்களில் அப்போதே நிரப்பிவிடுவது லாபம். குளிர்கால கேஸுக்கு முழுப்பணமும் முன்கூட்டிக் கட்டும் திட்டங்களில் மட்டும் ஒரு கேள்வி: விலை இறங்கினால் வித்தியாசத்தைத் தருவார்களா? பெரும்பாலும் மாட்டார்கள்.

8. வாசனை வந்துவிட்டால்

அழுகிய முட்டை, அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி நாற்றம். வந்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி உண்டு. வீட்டுக்குள் இருந்து போன் செய்ய வேண்டாம். எல்லோரையும் கிளப்பி வெளியேறுங்கள். போகிற வழியில் கதவைத் திறந்துவிட்டுப் போங்கள், திரும்பி வந்து ஜன்னல் திறக்கும் வீரம் வேண்டாம். டேங்க் வால்வை ஆபத்தில்லாமல் நெருங்க முடிந்தால் வலப்பக்கமாகத் திருகி மூடுங்கள். இது தலைகீழ் அல்ல, வழக்கமான திசைதான். தள்ளிப் போய்த் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், அப்புறம் கேஸ் கம்பெனியை. நாற்றம் போய்விட்டது என்று நீங்களே முடிவுசெய்து உள்ளே போகாதீர்கள். நாற்றத்துக்குச் சற்று நேரத்தில் மூக்கு பழகிவிடும்.

கசியும் இடத்திலேயே தீப்பிடித்து எரிந்தால், வால்வை மூட முடியாதவரை அந்தச் சுடரை அணைக்காதீர்கள். அணைத்தால் எரியாத கேஸ் பரவிச் சேர்ந்து, பிறகு மொத்தமாகப் பிடிக்கும். விலகிப் போய்விடுங்கள்.

திரவம் தோலில் பட்டால் நெருப்புப் பட்டதுபோலப் புண்ணாகும். மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும் பொருள் அது. கசியும் குழாயைக் கையால் பொத்தப் பார்க்காதீர்கள்.

9. வாசனையே இல்லாத ஆபத்து

கேஸ் சரியாக எரிந்தால் சுடர் நீலம். காற்றுப் பற்றாமல் எரிந்தால் மஞ்சள். கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. ஒரு கிலோ புரோப்பேன் முழுதாக எரிய ஓர் அறையின் காற்றில் பெரும் பங்கு, 12, 13 கனமீட்டர், வேண்டும். குளிருக்குப் பயந்து காற்றுத் துளையில் துணி அடைப்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனதும் தெளிந்தால் சந்தேகப்படுங்கள். கசிவு அலாரம் இதைப் பிடிக்காது. கார்பன் மோனாக்சைடு அலாரம் தனியாக வாங்க வேண்டும், படுக்கையறைப் பக்கம் ஒன்றாவது. முற்றத்தில் வைக்கும் ஹீட்டர், வெளியில் சுடும் அடுப்பு, ஜெனரேட்டர், இவற்றை மின்சாரம் போன ராத்திரிகூட உள்ளே கொண்டுவரக் கூடாது, கராஜுக்குள்ளும்தான். புகைபோக்கியின் வெளிவாய் பனியாலோ பறவைக் கூட்டாலோ அடைபட்டிருக்கிறதா என்று அவ்வப்போது ஒரு சுற்று வந்து பாருங்கள். ரெகுலேட்டரின் மூச்சுத் துளையையும் அப்படியே. அது கீழே பார்த்திருக்க வேண்டும், பனி மூடக் கூடாது.

சிலிண்டரின் வெளியே பனி பூத்திருந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையே இழக்கிறது. இழுக்கிற அளவு அதிகம் என்று அர்த்தம். இன்னொரு சிலிண்டரைச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். கொதிநீர் ஊற்றுவதோ தீ காட்டுவதோ கூடாது.

10. வீட்டைக் காலி செய்யும்போது

ஒரு மாதம் முன்பே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தானியங்கி டெலிவரியை நிறுத்தச் சொல்வது முதல் வேலை. இல்லையென்றால் நீங்கள் கிளம்பும் வாரம் முழு டேங்க் நிரப்பி உங்கள் பெயருக்குப் பில் போடுவார்கள். சாவி கொடுக்கும் நாளில் முள்ளைத் தேதியோடு போட்டோ எடுங்கள். மிஞ்சிய கேஸைப் புதிதாக வருகிறவர் விலைக்கு எடுப்பதாகப் பேசினால் லிட்டர் கணக்கைக் காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். உங்களிடம் சிலிண்டர்கள் இருந்தால் லாரியில் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஏற்ற மாட்டார்கள். நிரப்பும் நிலையத்தில் திருப்பிக் கொடுத்து முன்பணத்தைத் திரும்ப வாங்குங்கள். அந்த முன்பண ரசீதை முதல் நாளே ஒரு உறையில் போட்டு வைத்திருந்தால் நல்லது. என்னுடையது கிடைக்கவில்லை.